அரையிறுதிக்கு வைத்த திரை

ரோலண்டஸை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னைக் குறை சொல்லக் கூடாது. அவன் எங்கள் ஷிலுபே அணியின் கேப்டன், நடுக்களத்தில் ஆடுகிறவன். நான் கோல்கீப்பர். ஊருக்கு அவன் திரும்பி வந்த நாளிலிருந்து அவன் முதுகைப் பார்த்துக்கொண்டேதான் நின்றிருக்கிறேன். நாங்கள் ஒரு கோல் வாங்கினால் போதும், அந்த முதுகு மெதுவாகத் திரும்பும். இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு, "ராமூனஸ், கையில வெண்ணெய் தடவிக்கிட்டு வந்தியாடா?" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கேட்பான். ஊர் என்று பேச்சுக்குச் சொல்கிறேன். எங்கள் ஆட்டத்துக்கு வருகிற கூட்டத்தை ஒரு பஸ்ஸில் ஏற்றினால் ஜன்னலோரம் இடம் மிச்சமிருக்கும்.

ஏன் என்று கேட்கிறவன் லிதுவேனியாவில் பிறக்காதவனாக இருக்க வேண்டும். இங்கே விளையாட்டு என்றால் கூடைப்பந்து. எந்த வீட்டுக் கொட்டகைச் சுவரிலும் ஒரு இரும்பு வளையம் அடித்திருக்கும். பிள்ளை நடக்கத் தொடங்கியதும் அதன் அடியில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். நன்றாக வளர்ந்த பிள்ளை கூடைப்பந்துக்குப் போகும். பந்தைப் பிடிக்கத் தெரிந்தும் உயரம் போதாத பிள்ளை, என்னைப் போல, கோல்கீப்பராகும். உயரமும் இல்லாமல், பிடிக்கவும் தெரியாமல், வாய் மட்டும் நீளமாக இருந்தால் ரோலண்டஸ் மாதிரி நடுக்களத்தில் ஓடும்.

அவன் ஓடினான், அதை மறுக்க மாட்டேன். பதினெட்டு வயதில் கிளம்பியவன். லாத்வியா, பெலாரஸ், போலந்தின் இரண்டாம் பிரிவு, கஜகஸ்தான், சைப்ரஸ் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு சுற்றிவிட்டு, இரண்டு முழங்காலும் போன பிறகு பிறந்த ஊருக்கு வந்து சேர்ந்தான். போன இடத்திலெல்லாம் அவன் சேர்ந்த வருடம் அணி கீழே இறங்கும், அவன் விலகிய மறுவருடம் கோப்பை வெல்லும். ஒரே ஒரு இறுதி ஆட்டம்கூட அவன் வாழ்க்கையில் வந்ததில்லை. தேசிய அணிக்கு சில முறை கூப்பிட்டார்கள். அதிலும் பாதி நாள் மாற்று வீரர்களின் பெஞ்சில் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஆனால் பேச்சைக் கேட்டால் ஐரோப்பாவையே இவன்தான் தோளில் தூக்கி நிறுத்தியவன் என்று நினைப்பீர்கள்.

"போலந்துல எங்க கோச் சொல்லுவாரு" என்று ஆரம்பித்தாலே நாங்கள் ஷூ லேஸைக் கட்டக் குனிந்துகொள்வோம்.

உடை மாற்றும் அறையில் கூடைப்பந்து என்ற சொல்லே வரக் கூடாது என்று அவன் சட்டம் போட்டிருந்தான். வாய் தவறிச் சொன்னவன் பயிற்சி முடிந்ததும் பந்து மூட்டையைத் தூக்க வேண்டும். நான் ஒரு கோடைகாலம் முழுக்கத் தூக்கினேன். வேண்டுமென்றேதான் சொன்னேன். அவன் முகம் சிவப்பதைப் பார்ப்பதற்காக மூட்டை என்ன, அவனையே கூட தூக்கியிருப்பேன்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த வருடம் எங்களுக்கு மதி கெட்ட அதிர்ஷ்டம் அடித்தது. நாட்டுக் கோப்பையில் சுற்றுக்குச் சுற்று ஜெயித்து, எப்படி என்று எங்களுக்கே புரியாமல் அரையிறுதிக்கு வந்துவிட்டோம். எதிரே தலைநகர் வில்னியஸின் அணி. ஆட்டம் எங்கள் ஊரில். ஜெயித்தால் இறுதி ஆட்டம். ரோலண்டஸ் அந்தப் பருவத்தோடு ஓய்வு பெறுவதாக முன்பே அறிவித்துவிட்டான். முழங்காலைப் பார்த்த மருத்துவர் இனி நடந்தாலே பெரிய காரியம் என்று சொல்லியிருந்தார். ஆகவே இந்த ஒரு ஆட்டம்தான் மிச்சம். ஜெயித்தால் அவன் வாழ்க்கையில் ஒரு இறுதி ஆட்டம் உண்டு. தோற்றால் கிடையாது. அறையில் அதை அவன் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. ஒரு வாரமாக அவன் யாரையும் திட்டவே இல்லை.

பிறகு தேதி வந்தது. ஐரோப்பியக் கூடைப்பந்துப் போட்டியின் காலிறுதி, லிதுவேனியாவுக்கும் ஸ்பெயினுக்கும், அதே சனிக்கிழமை, ஏறக்குறைய அதே நேரம்.

தேதியை மாற்றச் சொல்லி எங்கள் நிர்வாகி கோஸ்டஸ் எல்லோர் காலிலும் விழுந்து பார்த்தார். வில்னியஸ்காரர்கள் தங்களுக்கு அடுத்த வாரம் வெளிநாட்டுப் பயணம் இருக்கிறது என்று கையை விரித்துவிட்டார்கள். கோஸ்டஸ் வாசலில் குனிந்து நுழைகிற உயரம். இளமையில் கூடைப்பந்து ஆடியவர். கால்பந்து நிர்வாகம் அவருக்கு, பெண் வீட்டார் தலையில் கட்டிய பசு மாதிரி. பாலும் கறக்கத் தெரியாது, விற்கவும் மனசு வராது.

வெள்ளிக்கிழமை பயிற்சியின்போது ஒரு லாரி மைதானத்துக்குள் வந்தது. அதன் முதுகில் வீட்டுச் சுவர் அளவுக்கு ஒரு திரை. ஆற்றுப் பக்கத்து கோலுக்குப் பின்னால் அதை நிறுத்தி, ஆட்கள் வயர் இழுக்கத் தொடங்கினார்கள். ரோலண்டஸ் பந்தை அப்படியே விட்டுவிட்டு நொண்டிக்கொண்டே போனான். நாங்களும் பின்னால் போனோம். இந்த மாதிரி வேடிக்கையை யார் விடுவார்கள்?

"இது என்ன?" என்றான்.

"திரை" என்றார் கோஸ்டஸ்.

"கண்ணு எனக்கும் இருக்கு. எதுக்கு?"

"நாளைக்கு ஜனம் வரணும்ல. கீழ புல்லுல நீங்க ஆடுங்க. மேல அதுவும் ஓடட்டும். சத்தம் வைக்க மாட்டேன், படம் மட்டும்தான். ரெண்டையும் பாத்துட்டுப் போகட்டுமே."

"கோப்பை அரையிறுதி இது. கல்யாண வீட்டுல சின்னப் பசங்களுக்குப் பொம்மைப் படம் போடுற மாதிரி போடுவீங்களா?"

"அது இல்லன்னா நாளைக்கு யாரு வருவான்னு நெனக்கிற? உன் பொண்டாட்டி வருவா. அவளும் பாதியில போயிடுவா."

"ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

கோஸ்டஸ் மேலிருந்து அவனை நிதானமாகப் பார்த்தார். "காக்காக்கு முன்னாடி ஆடணும்னா சொல்லு, இப்பவே லாரியத் திருப்பி அனுப்பிடுறேன். ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்க. நாளைக்கு இங்க ரெண்டாயிரம் பேரு உக்காருவான். நீ பொறந்ததுலேருந்து இந்த ஊர்ல உனக்கு முன்னாடி அவ்வளவு பேரு உக்காந்ததே கெடையாது."

ரோலண்டஸின் தாடை ஆடியது. திட்டப் போகிறான் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். அவன் திட்டவில்லை. எங்கள் பக்கம் திரும்பினான்.

"நல்லா கேட்டுக்குங்க. நாளைக்கு ஆட்டம் முடியற வரைக்கும் அந்தத் திரையைத் தலை தூக்கிப் பாக்குறவன் என் டீம்ல இல்ல. பெனால்டி அடிக்கப் போனாலும் புல்லைப் பாத்துத்தான் போகணும். ராமூனஸ், உனக்குத்தான் முக்கியமா சொல்றேன். நீ பாதி அவங்க ஆளு."

"ஒரு பாதியில அது எனக்கு நேர் எதிர்ல நிக்கும். கண்ண மூடிக்கிட்டா கோல்ல நிக்கிறது?" என்றேன்.

"இத்தனை நாளா அப்படித்தானே நின்ன" என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தேரைப்பயல், என்று எங்கள் ஊர் வசவை மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

சனிக்கிழமை ஊரே வந்தது. பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தது. எங்கள் அணியின் நிறம் நீலம். பச்சை, கூடைப்பந்து நாட்டு அணியின் நிறம். கிழவிகள், கைக்குழந்தைகள், பாதிரியார் எல்லோரும் பச்சை. பூண்டு தேய்த்து வறுத்த கறுப்பு ரொட்டியின் வாசம் மைதானம் முழுக்க. பீர் வண்டிக்கு முன்னால் நின்ற வரிசை வாசலைத் தாண்டித் தெருவரைக்கும் போனது. நாங்கள் வரிசையாக உள்ளே வந்தபோது கூட்டம் எழுந்து கை தட்டியது. ரோலண்டஸ் நிமிர்ந்து நடந்தான். கேப்டன் பட்டையைக் கையில் இழுத்துவிட்டுக்கொண்டான். அவன் கழுத்து வரை சிவந்திருந்ததைப் பின்னாலிருந்து பார்த்தேன்.

முதல் பாதியில் திரையில் வெறும் விளம்பரம் ஓடியது. ஜனம் எங்களைத்தான் பார்த்தது, வேறு வழியில்லாமல். வில்னியஸ்காரர்கள் ஒரு கோல் போட்டார்கள். கார்னரில் வந்த பந்தை நான் குத்தப் போய், காற்றைக் குத்தினேன். ரோலண்டஸின் முதுகு திரும்பியது. இடுப்பில் கை. என்னைப் பார்த்தான். ஒன்றும் சொல்லாமல் மறுபடி திரும்பிக்கொண்டான். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

இரண்டாம் பாதி ஆரம்பித்ததும் திரையில் கூடைப்பந்து தொடங்கியது. அவ்வளவுதான். மைதானம் என்று ஒன்று இருப்பதையே ஊர் மறந்துவிட்டது. நாங்கள் ஆடிக்கொண்டிருக்கிறோம், அவர்கள் பாட்டுக்கு எங்களைத் தாண்டிப் பார்க்கிறார்கள். ஒரு முறை பந்து கூட்டத்துக்குள் போனது. எடுத்துப் போடச் சொல்லி எங்கள் பையன் கத்தினான். ஒருவன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே காலால் தள்ளிவிட்டான், நாயைத் தள்ளுகிற மாதிரி.

அந்தக் கேவலத்துக்கு நடுவில் ரோலண்டஸ் ஆடினான். சொல்லித்தான் ஆக வேண்டும், வாய் கூசினாலும் சொல்கிறேன். அந்த மாதிரி அவன் ஆடி நான் பார்த்ததில்லை. இரண்டு முழங்காலிலும் கட்டு, ஓடினால் ஓட்டமாகவே இருக்காது. ஆனால் பந்து எங்கே வரும் என்று அது கிளம்பும் முன்பே தெரிந்துகொண்டு போய் நிற்பான். வில்னியஸ் அணியின் பத்தாயிரம் பாஸ் பழகிய பையன்கள் இவனிடம் வந்து வந்து முட்டிக்கொண்டு போனார்கள். தரையைப் பார்த்தே ஆடினான். ஒரு தடவை, ஒரே ஒரு தடவைகூட அந்தத் திரையின் பக்கம் தலை தூக்கவில்லை. மற்றவர்கள்? த்ரோ எடுக்கும்போது பார்த்தார்கள், தண்ணீர் குடிக்கும்போது பார்த்தார்கள். வில்னியஸ்காரர்களும் பார்த்தார்கள். ரெஃபரி நாணயம் சுண்டுகிற மாதிரி தலையை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சுண்டிக்கொண்டிருந்தார். ஸ்கோர் என்ன, எத்தனை பாயிண்ட் பின்னால் இருக்கிறோம் என்று எதிரணியின் பின்களத்து ஸ்டாப்பரும் எங்கள் ஃபார்வர்டும் தோளோடு தோள் நின்று பேசிக்கொண்டதை நானே கேட்டேன்.

கடைசி நேரத்தில் ரோலண்டஸ் ஒரு பாஸ் கொடுத்தான். இரண்டு பேருக்கு நடுவில், ஊசி நுழைகிற இடத்தில். எங்கள் ஃபார்வர்ட் அதைத் தட்டிவிட்டான். கோல். ஒன்றுக்கு ஒன்று.

ஷிலுபேயின் சரித்திரத்திலேயே பெரிய கோல் அது. கூட்டம் கை தட்டியது. பள்ளிக்கூட விழாவில் பக்கத்து வீட்டுப் பிள்ளை பாட்டு ஒப்பித்து முடித்ததும் தட்டுவோமே, அப்படி. தட்டிவிட்டு மறுபடி திரைக்குப் போய்விட்டது. ஸ்பெயின் முன்னால் இருந்தது, ஊருக்கு அந்தக் கவலை. ரோலண்டஸ் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பார்வையாளர் பக்கம் பாதி தூரம் ஓடியவன், நின்றான். விரித்த கையை என்ன செய்வது என்று தெரியாமல் தலைமயிரைக் கோதிக்கொண்டு திரும்பி வந்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன்மேல் இல்லை.

ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது. இடைவேளையில் கோச் அவனிடம், "போதும்பா, முழங்காலப் பாரு, தலகாணி மாதிரி வீங்கியிருக்கு. வெளிய வந்துடு" என்றார்.

"என்னைத் தூக்கிட்டுத்தான் போகணும்" என்றான்.

"தூக்குறதுக்குத்தான் கோல்கீப்பர் இருக்கானே" என்றேன் நான். கோடைகாலம் முழுக்க மூட்டை தூக்கியவனுக்கு அந்த உரிமை உண்டு.

அவன் என்னைப் பார்த்தான். "ராமூனஸ், ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். இன்னும் கொஞ்ச நேரம். எதையும் உள்ள விட்டுடாத."

கேட்டான். திட்டவில்லை, கேட்டான். "நீ உன் எடத்துல நில்லு, நான் என் எடத்துல நிக்கிறேன்" என்றேன்.

கூடுதல் நேரத்தின் இரண்டாவது பகுதி. இப்போது நாங்கள் ஆற்றுப் பக்கத்து கோலை நோக்கி ஆடினோம். அதாவது திரை எதிரணி கோலுக்குப் பின்னால். நான் மைதானத்தின் மறு கோடியில், இரண்டையும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு. பார்க்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். வீட்டுச் சுவர் அளவுக்கு ஒன்றைக் கண்ணுக்கு முன்னால் நிறுத்திவிட்டுப் பார்க்காதே என்றால் எப்படி? லிதுவேனியா இரண்டு பாயிண்ட் பின்னால். கடைசி சில விநாடிகள். இரண்டாயிரம் பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். மூச்சுச் சத்தம்கூட இல்லை.

அந்த அமைதியில்தான் ரோலண்டஸ் நடுக்களத்தில் பந்தைப் பறித்தான். ஒருவனை வெட்டித் தாண்டினான். இன்னொருவன் வந்தான், அவனையும் தாண்டினான். எங்கிருந்து அந்தக் கால் வந்தது என்று எனக்குத் தெரியாது. பெனால்டி பெட்டிக் கோட்டுக்கு வந்துவிட்டான். எதிரணி ஸ்டாப்பர் சறுக்கிக்கொண்டு வந்தான். அவன் வந்து மோதுவதற்கு முன் ரோலண்டஸ் உதைத்துவிட்டான். உதைத்த அதே வேகத்தில் இருவரும் உருண்டு விழுந்தார்கள். ரோலண்டஸ் முகம் புல்லில்.

திரையில் ஒருவன் தூரத்திலிருந்து பந்தை எறிந்தான். அங்கிருந்து விழுந்தால் மூன்று பாயிண்ட்.

இரண்டு பந்தும் ஒரே நேரத்தில் என் கண்ணுக்கு முன்னால். மேலே போனது வளையத்துக்குள் விழுந்தது. கீழே போனது கம்பத்தில் பட்டுத் திரும்பி வந்தது.

மைதானம் வெடித்தது. அந்தச் சத்தத்தை நான் அதற்கு முன்னால் எங்கள் ஊரில் கேட்டதில்லை. தகரக் கூரை அதிர்ந்தது. பீர் மழை மாதிரிப் பறந்தது. பாதிரியார் யாரோ ஒரு பெண்ணைத் தூக்கிச் சுற்றினார்.

ரோலண்டஸ் எழுந்தான். பந்து எங்கே என்று அவன் பார்க்கவே இல்லை. எதற்குப் பார்ப்பான்? உதைத்தான், விழுந்தான், ஊர் கத்துகிறது. திரையில் என்ன ஓடுகிறது என்று அந்த மைதானத்தில் தெரியாத ஒரே ஆள் அவன்தான். ஆட்டம் முழுக்கத் தலை தூக்காதவன். மற்ற யாருக்காவது இந்தத் தப்பு வந்திருக்குமா? எனக்கு வந்திருக்காது. எதிரணிக்கு வந்திருக்காது. கூட்டம் நமக்காகக் கத்தாது என்பது இந்த நாட்டில் கால்பந்து ஆடுகிற எல்லோருக்கும் ரத்தத்தில் ஊறிய விஷயம். அவன் ஒருவனுக்குத்தான் அது ஊறவே இல்லை.

கையை விரித்துக்கொண்டு ஓடினான். நொண்டல் இல்லை, வலி இல்லை, நேராகப் பார்வையாளர் தடுப்புக் கம்பிக்கு ஓடினான். முகம் முழுக்கக் கண்ணீர்.

இந்தப் பக்கம், கம்பத்தில் பட்டு வந்த பந்தை எதிரணி ஸ்டாப்பர் எழுந்து நீளமாக உதைத்துவிட்டான். ரெஃபரி விசில் ஊதவில்லை. ஏன் ஊத வேண்டும்? கோல் இல்லை, ஃபவுல் இல்லை. பந்து நடுக்களத்துக்கு வந்தது. அங்கே ரோலண்டஸ் நிற்க வேண்டிய இடத்தில் வெறும் புல். எங்கள் ஆட்கள் எல்லாரும் முன்னால் ஏறியிருந்தார்கள். வில்னியஸின் பொடியன் ஒருவன் பந்தை எடுத்துக்கொண்டு நேராக என்னை நோக்கி ஓடி வந்தான்.

"ரோலண்டஸ்" என்று கத்தினேன். "ரோலண்டஸ், திரும்புடா. ரோலண்டஸ், இங்க பாருடா டேய். ரோலண்டஸ்."

தொண்டையில் ரத்தச் சுவை வந்தது. எனக்கே என் குரல் கேட்கவில்லை. தூரத்தில் அவன் கம்பியில் ஏறி நின்றான். அவன் பக்கத்து வீட்டு ரொட்டிக் கடைக்காரன் யூர்கிஸ் அவனைக் கட்டிப் பிடித்து, இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்துக்கொண்டிருந்தான். பத்துப் பேர் கை நீட்டி அவன் தலையைத் தட்டினார்கள்.

நான் முன்னேறி வந்தேன். பொடியன் இடது பக்கம் போவதாகக் காட்டி வலது பக்கம் தட்டினான். பந்து என் விரல் நுனியில் பட்டது. பட்டும் உள்ளே போனது.

யாரும் பார்க்கவில்லை. ஒரு முழு விநாடி அந்தப் பொடியன்கூட யாருக்குக் காட்டுவது என்று தெரியாமல் நின்றான். பிறகு அவன் ஆட்கள் ஓடி வந்து அவன்மேல் விழுந்தார்கள். ரெஃபரி நடுக்கோட்டைக் காட்டினார்.

ரோலண்டஸ் கூட்டத்திலிருந்து இறங்கிச் சிரித்துக்கொண்டே வந்தான். எதிரணி கட்டிப் பிடித்துப் புரள்வதைப் பார்த்ததும் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. நேராக ரெஃபரியிடம் போனான்.

"சார், என்ன நடக்குது? என் கோல் என்னாச்சு?"

"எந்தக் கோல்? கம்பத்துல பட்டு வெளிய வந்துச்சு."

"உள்ள போய் வெளிய வந்திருக்கும் சார். நீங்க பாக்கல. ஊரே பாத்துச்சு. ஊரே கத்துச்சே."

ரெஃபரி அவன் தோளில் கை வைத்தார். திரையின் பக்கம் கை காட்டியிருக்கலாம். மனசு வரவில்லை போலிருக்கிறது. "போய் ஆடுப்பா, இன்னும் நேரம் இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

அவன் ஆடப் போகவில்லை. கம்பிப் பக்கம் திரும்ப ஓடினான். நானும் என் கோலை விட்டுவிட்டு அவன் பின்னால் ஓடினேன். அவனை இழுத்துக்கொண்டு வரவா, ஒரு அறை விடவா என்று எனக்கே தெளிவில்லை. அவன் யூர்கிஸின் பச்சைச் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"யூர்கிஸ், சொல்லுடா. ரெஃபரி இல்லங்கிறான். நீ பாத்தல்ல? கோல்தானே?"

"எந்தக் கோல்?"

"என் கோலுடா. இப்ப அடிச்சேனே. என்னைக் கட்டிப் பிடிச்சியே. முத்தம் கொடுத்தியே."

யூர்கிஸின் முகத்தில் இன்னும் ஆனந்தக் கண்ணீர் காயவில்லை. நல்ல மனிதன், கெட்ட எண்ணமே கிடையாது. அதுதான் கொடுமை. "நீ எதுக்கு ஓடி வந்தேன்னு எனக்கு என்னப்பா தெரியும்? நீயும் மேட்ச் பாக்கத்தான் வந்தேன்னு நெனச்சேன்" என்றான்.

ரோலண்டஸ் அப்போதுதான் தலை தூக்கினான். திரையில் பச்சைச் சட்டைக்காரர்கள் ஒருவர்மேல் ஒருவர் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தார்கள். அந்த மூன்று பாயிண்டைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். அவன் இரண்டு தடவை பார்த்தான். யூர்கிஸின் சட்டையிலிருந்து கையை எடுத்தான். கசங்கிய இடத்தை நீவிவிட்டான்.

மிச்ச நேரம் ஆடினோமா என்று கேட்டால் ஓடினோம், அவ்வளவுதான். இரண்டுக்கு ஒன்று. விசில் ஊதியதும் ஜனம் மைதானத்துக்குள் இறங்கி ஆடிப் பாடியது. எங்களைப் பிடித்துப் பிடித்துக் கட்டிக்கொண்டார்கள். ஒரு கிழவி என் கன்னத்தைக் கிள்ளி, "ஜெயிச்சிட்டோம்டா கண்ணு" என்றாள். எதிரணிப் பையன்களும் அவர்களோடு சேர்ந்து ஆடினார்கள். அவர்களுக்கு ஒரே நாளில் இரண்டு வெற்றி.

அறைக்கு வந்து சேர்ந்தோம். எங்கள் ஃபார்வர்ட் ஷூவைச் சுவரில் வீசி எறிந்தான். கோச் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். ரோலண்டஸ் மூலையில், முழங்கால் கட்டைக்கூட அவிழ்க்காமல் உட்கார்ந்திருந்தான்.

கோஸ்டஸ் குனிந்து உள்ளே வந்தார். இரண்டு கையிலும் பீர். முகம் முழுக்கச் சந்தோஷம். வந்த இடம் எது என்று ஞாபகம் வந்ததும் அதை அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

"சரி விடுங்கப்பா. நம்ம கோப்பை போச்சு, போகட்டும். ஸ்பெயினைத் தோக்கடிச்சிருக்கோம். இன்னைக்கு யாரும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கக் கூடாது" என்றார்.

யாரும் பீரை வாங்கவில்லை. "வெளிய போங்க கோஸ்டஸ்" என்றேன். அவர் போகவில்லை. நான் எழுந்தேன், பிறகு போனார்.

பிறகு நான் ரோலண்டஸ் பக்கம் போனேன். அடிக்கத்தான் போனேன், மறைக்க என்ன இருக்கிறது. அவன் இறுதி ஆட்டம் மட்டுமா போனது? என்னுடையதும்தான் போனது, இவர்கள் எல்லோருடையதும்தான். நிற்க வேண்டிய இடத்தில் நின்றிருந்தால் அந்தப் பொடியன் வந்திருக்கவே மாட்டான். நான்கு பருவமாக என்னை எல்லோர் முன்னாலும் நிறுத்தி வைத்துக் கேட்ட கேள்விகள் எல்லாம் என் வாயில் திரண்டு நின்றன.

அவன் முந்திக்கொண்டான். தலை தூக்காமலே, "நீ ஏன்டா என்னைக் கூப்பிடல?" என்றான்.

அதைக் கேட்டதும் கையை ஓங்கிவிட்டேன்.

"கூப்பிடலயா? தொண்டை கிழியக் கூப்பிட்டேன்டா. ரோலண்டஸ், ரோலண்டஸ்னு கத்தினேன். அந்த மைதானத்துல உன் பேரச் சொல்லிக் கத்தின ஒரே ஆளு நான்தான்."

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். வெளியே ஊர் பாடிக்கொண்டிருந்தது. நான் ஓங்கிய கையைக் கீழே போட்டுவிட்டு, அவன் முழங்கால் கட்டை அவிழ்க்கக் குனிந்தேன்.